பஞ்ச காலத்தில் சட்டசபை அங்கத்தினர் செய்யத்தக்க வேலை

பருவமழை பொய்த்த வருஷத்தில் சட்டசபை அங்கத்தினர் ஒருவர் தலைநகரத்தினின்றும் தம் தொகுதிக்குத் திரும்பி வந்தால், அவர் முன்னிலையில் வைக்கப்படும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் மூன்று வகையில் அடங்கிவிடும். நிலத்தீர்வையை வஜா செய்யவேண்டும் என்பது ஒன்று. கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடனுக்குத் தவணை நீட்டிக்கவேண்டும் என்பது மற்றொன்று. குடிதண்ணீர் லாரியும் மாட்டுத் தீவனமும் அனுப்பவேண்டும் என்பது மூன்றாவது. இம்மூன்றும் நியாயமான கோரிக்கைகளே. தீய்ந்த பயிரைக் கண்ணாரக் கண்ட குடியானவன் இவற்றைக் கேளாமல் வேறெதைக் கேட்பான்? ஆயினும் இவை யாவும் அவ்வருஷத்தோடு தீர்ந்துபோகும் உதவிகள். வஜாவான தீர்வை அடுத்த பஞ்சத்தைத் தடுப்பதில்லை. லாரி கொணர்ந்த தண்ணீர் அன்று மாலைக்குள் தீர்ந்துவிடுகிறது. கூலிவேலை இழந்தவர்க்கு இக்கிராம எல்லைக்குள் எந்த வேலையைக் கொடுக்கலாம், அவ்வேலைக்கு அளவும் படமும் தயாராய் இருக்கின்றனவா என்னும் நாலாவது கேள்வியைக் கேட்பவர் அரியர். அங்ஙனம் கேட்டு, தம் சொந்தத் தாலூகாவிலேயே அதற்கு விடை தேடியவர் ஒருவர் மஹாராஷ்டிர ராஜ்யத்தில் இருந்தார். அவர் செய்த காரியத்தையும், அதனால் விளைந்த நன்மைகளையும், நிறைவேறாது நின்றவற்றையும் ஆராய்வது நிலமுடையோர்க்கும் கிராம அதிகாரிகளுக்கும் பிரயோஜனமாகும்.

அவர் பெயர் விட்டல் ஸகாராம் பாகே. ஸாங்க்லி ஜில்லா, தாஸ்காவ் தாலூகாவிலுள்ள விஸாப்பூரைத் தம் ஊராகக் கொண்டவர். சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டவர். காந்தியடிகளின் கொள்கைகளில் பற்றுள்ளவர். 1960 முதல் 1978 வரையில் மஹாராஷ்டிர சட்ட மேல்சபையின் தலைவராய் இருந்தார். சபைத்தலைவர் பதவி பெருமையுள்ளதேயன்றி அதிகாரமுள்ளதன்று என்பதைக் கவனிக்கவேண்டும். அவருக்கு இலாகா ஒன்றும் கிடையாது. செலவழிக்கக் கையில் தொகையும் கிடையாது. மந்திரியாயிருந்தால் செய்வேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வழக்கம் பல அங்கத்தினரிடம் காணப்படுகிறபடியால் இதை முதலிலேயே குறிப்பிடுவது அவசியமாயிற்று.

தாஸ்காவின் நிலைமை விசித்திரமானது. மேற்கே ஸஹ்யாத்ரி மலைமீதுள்ள மஹாபலேசுவரத்தில் வருஷத்திற்கு 200 அங்குலத்திற்கு மேல் மழை கொட்டுகிறது. கிருஷ்ணா நதி அங்கேதான் உற்பத்தியாகி ஸாங்க்லி நகரத்தை ஒட்டி ஓடுகிறது. ஆனால் மலையைத் தாண்டிக் கிழக்கே வர வர மேகம் வறண்டு, தாஸ்காவ் முதலிய தாலூகாக்களில் மழை 25 அங்குலத்திற்கு உட்பட்டே நிற்கிறது. அதுவும் ஒரே சீராய்ப் பெய்வதில்லை. 2019-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் ஸாங்க்லி நகரத் தெருக்களில் படகு விடவேண்டிய அளவுக்கு வெள்ளம் வந்தது. அதே ஜில்லாவின் கிழக்குப் பகுதியில் அந்த வருஷத்துக் கோடையில்தான் ஜனங்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்தனர். ஆற்றங்கரையில் கரும்பும், மேட்டு நிலங்களில் சோளம், கம்பு, நிலக்கடலை ஆகியனவும் அப்பகுதியின் பழைய பயிர்கள். திராட்சை பிற்காலத்தில் கிணற்றுப் பாசனத்தைக் கொண்டு பரவியது. மானாவாரிச் சோளத்தை மாசி மாதத்தில் அறுத்துவிட்டால், மறுபடி ஆனியில் மழை விழும் வரையில் நிலமற்ற கூலியாளுக்கும் இரண்டு மூன்று ஏக்கர் மாத்திரம் உள்ள சிறு குடியானவனுக்கும் வேலை கிடையாது. நல்ல வருஷத்திலேயே நிலைமை இப்படியென்றால், மழை பொய்த்த வருஷத்தில் புரட்டாசியிலேயே கைகள் சும்மா கிடக்கும். நம்முடைய மானாவாரித் தாலூகாக்களை அறிந்தவர்களுக்கு இதை விவரித்துச் சொல்லவேண்டுவதில்லை.

ஸ்ரீ பாகே கண்ட உண்மை மிகவும் எளியது. ஒரு பக்கத்தில் வருஷத்தில் பல மாதங்கள் வேலையின்றி இருக்கும் மனிதர். மறு பக்கத்தில் வரப்பில்லாமல் மேல்மண் அரிக்கப்படும் நிலம், தடுப்பாரின்றி ஓடிப்போகும் ஓடைத் தண்ணீர், தூர்ந்த கிணறு. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று பொருத்தினால் கூலி தர்மமாகாது. நிலத்தில் இட்ட முதலாகும். 1965-ஆம் வருஷத்தில் தாஸ்காவ் வட்டாரத்திலேயே இதைச் சோதித்துப் பார்க்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. வேலை செய்யச் சக்தியும் விருப்பமும் உள்ளவர்க்கு வேலை. அவ்வேலை நிலத்தையும் நீரையும் விருத்தி செய்வதாய் இருத்தல் வேண்டும். இதுவே அதன் சாரம். அப்பொழுது முதன்மந்திரியாயிருந்த வஸந்தராவ் நாயக் அவர்களிடம் ஸ்ரீ பாகே இதை இடைவிடாது வற்புறுத்தி வந்தார். கடைசியாக 1972-ஆம் வருஷம் மே மாதம் வேலை உத்தரவாதத் திட்டம் என்ற பெயரால் அது ராஜ்ய முழுவதற்கும் உரியதாக்கப்பட்டது. தம் தாலூகாவில் கண்டறிந்ததைச் சட்டசபைக்குக் கொண்டுபோனார் என்பதே இங்கு முக்கியம். சட்டசபையில் பேசியதைத் தாலூகாவில் வந்து திருப்பிச் சொல்லுவது வேறு காரியம். அது எல்லாரும் செய்வது.

பஞ்ச வேலை என்பது புதிய யோசனையா என்று கேட்கலாம். இல்லை. 1876 முதல் 1878 வரையில் சென்னை மாகாணத்தையும் பம்பாய் மாகாணத்தையும் அழித்த பெரும் பஞ்சத்திலும் நிவாரண வேலைகள் நடந்தன. சென்னை நகரத்தில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி 1877-78-ல் பஞ்சக் கூலிகளைக் கொண்டு வெட்டப்பட்டதே. பக்கிங்ஹாம் கால்வாய் என்ற பெயர் அப்பொழுது கவர்னராயிருந்த பிரபுவின் ஞாபகார்த்தமாய் ஏற்பட்டது. ஆனால் அக்காலத்து நிவாரணத்தின் மனப்பான்மை வேறு. வேலைக்கு வந்தவன் உண்மையில் பசித்தவன்தானா என்று சந்தேகிப்பதே அதன் முதல் விதி. 1877-ல் ஸர் ரிச்சர்ட் டெம்பிள் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் அற்பத் தொகையுமே ஆண் கூலிக்குப் போதும் என்று நிர்ணயித்தார். அந்த அளவு வேலை செய்யும் உடலுக்குப் போதாது என்று சென்னை மாகாணத்துச் சுகாதாரக் கமிஷனராயிருந்த டாக்டர் கார்னிஷ் எதிர்த்தெழுதியது பிரசித்தம். பிறகு 1880-ஆம் வருஷத்துப் பஞ்சக் கமிஷனைத் தொடர்ந்து ஏற்பட்ட பஞ்ச விதிகளிலும், வேலையின் கடினமும் கூலியின் குறைவுமே சோதனையாக வைக்கப்பட்டன. சோதனை வேலைக்குக் கூட்டம் வந்தால்தான் பஞ்சம் என்று ஒப்புக்கொள்வது. வராவிட்டால் இல்லையென்று எழுதிவிடுவது. கூட்டம் வருவதற்குள் குடியானவன் மாட்டை விற்றிருப்பான். வீட்டுக்காரியின் தாலிப்பொட்டும் அடகுக்குப் போயிருக்கும். பஞ்சம் முடிந்து மழை பெய்தபிறகு உழுவதற்கு அவனிடம் ஒன்றுமிராது. தாஸ்காவ் யோசனை இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. வேலை கேட்பவனைச் சோதிக்கவேண்டுவதில்லை, கேட்பதே அத்தாட்சி. சர்க்கார்தான் பரீட்சைக்கு நிற்கவேண்டும்.

அப்பரீட்சை எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாகவும் கடுமையாகவும் வந்தது. 1970 முதல் மூன்று வருஷங்கள் தொடர்ந்து மழை தவறி, 1972-73-ல் மஹாராஷ்டிரத்தின் பெரும்பகுதி வறண்டது. புதிய திட்டம் அப்பெரிய நிவாரண வேலைகளுக்குள் அமிழ்ந்துபோய், 1974-க்குப் பிறகே மறுபடி தலையெடுத்தது. 1973 மே மாதத்தில் நிவாரண வேலைகளில் இருந்தவர் தொகை ஏறத்தாழ 50 லட்சம். இத்தொகையில் நிலமற்ற கூலிகள் மாத்திரம் இருந்தனர் என்று நினைப்பது பிசகு. நிலமுடைய குடியானவர்கள், ஊரில் மதிப்புள்ளவர்கள்கூட, கூடை எடுத்துக்கொண்டு வந்தனர். பெண்கள் பெருந்தொகையாய் வந்தனர். மானாவாரி நிலமுடையவனுக்கும் நிலமற்றவனுக்கும் உள்ள தூரம் மூன்று மழை தவறும் தூரமே என்பதை அந்தக் கோடை காட்டிற்று. அவ்வளவு பெரிய வறட்சியிலும், முன்காலப் பஞ்சங்களைப்போல் ஜனங்கள் கொத்துக் கொத்தாய் மடியவில்லை. வேலையும் கூலியும் அதற்கு ஒரு முக்கிய காரணம் என்பதை ஆராய்ந்தவர்கள் ஒப்புக்கொண்டுள்ளனர்.

ஆனால் செய்யப்பட்ட வேலை என்ன? இங்கேதான் விவசாயத்தில் பழகிய கண் வருந்தும். பாதையோரங்களில் மலைமலையாய்ச் சரளைக்கல் உடைத்துக் குவிக்கப்பட்டது. ஆண்களும் பெண்களும் வெயிலில் குந்திச் சுத்தியலால் கல்லுடைத்தனர். கல்லுக்கு உபயோகம் இல்லாமலில்லை, பாதைக்கு வேண்டியதே. எனினும் வயலுக்கு அக்கல்லால் ஒரு துளி ஈரமும் சேராது. அதிகாரிகள் ஏன் கல்லுடைக்கச் சொன்னார்கள் என்றால், அறியாமையால் அன்று. ஒரு லட்சம் ஜனங்கள் திங்கட்கிழமை வேலை கேட்டால், செவ்வாய்க்கிழமை தொடங்கக்கூடிய வேலை எதுவோ அதுதான் தொடங்கப்படும். கல்லுடைப்பதற்குச் சர்வே வேண்டாம், மட்டம் பார்க்கவேண்டாம், எந்தச் சர்வே நம்பரில் கரை போடுவது, யாருடைய நிலம் முழுகும் என்ற வழக்கு வராது. ஓடையை மறித்துக் கசிவுக்குளம் கட்டுவதற்கு இவை யாவும் வேண்டும். இவற்றைப் பஞ்சம் வந்தபின் தொடங்கினால் ஆறு மாதம் ஆகும். அதற்குள் கற்குவியல் வளர்ந்துவிடும்.

1977-ஆம் வருஷத்தில் சட்டசபை ஏகமனதாய் நிறைவேற்றி, 1979 ஜனவரி 26 முதல் அமுலுக்கு வந்த மஹாராஷ்டிர வேலை உத்தரவாதச் சட்டத்தின் பெருமையைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கின்றனர். வயது வந்த எவரும் தம் கிராமத்தில் பெயர் பதிந்துகொண்டு வேலை கேட்கலாம். கேட்ட 15 நாட்களுக்குள் வேலை கொடுக்கவேண்டும். கொடுக்கத் தவறினால், சிறு தொகையேயாயினும், வேலையின்மைப் படி கொடுக்கவேண்டும். 2005-ஆம் வருஷத்தில் இந்தியப் பார்லிமெண்டு இயற்றிய சட்டம், கிராமக் குடும்பம் ஒன்றுக்கு வருஷத்தில் 100 நாள் வேலையை உத்தரவாதம் செய்தபொழுது, இதையே முன்மாதிரிகளுள் முதலாகக் கொண்டது. இவையெல்லாம் தெரிந்தனவே. குடியானவர்கள் கவனிக்கவேண்டியது, அதிகம் பேசப்படாத ஒரு நிபந்தனை: வேலைகளின் வரைபடங்களை முன்னதாகவே தயாரித்து வைத்துக்கொள்ளவேண்டும் என்பது. கல்மலைகளைக் கண்டபிறகு கற்ற பாடம் அதுவே. உரிமையைக் காகிதத்தில் எழுதிவிட்டு வரைபடத்தை எழுதாமல் விட்ட கிராமத்தில், அவ்வுரிமை மறுபடியும் சுத்தியலாகவும் சரளையாகவுமே கைக்கு வரும்.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். உத்தியோகஸ்தர், வியாபாரிகள் முதலியோரிடம் தொழில்வரி, மோட்டார் வண்டிகள் மீதும் விற்பனை மீதும் கூடுதல் வரி, பாசன வசதியுள்ள நிலங்கள் மீது தனி வரி ஆகியவை விதிக்கப்பட்டன. வசூலான தொகைக்குச் சமமாக ராஜ்யப் பொக்கிஷத்தினின்றும் பணம் சேர்க்கப்பட்டது. பம்பாய் ஆபீஸில் சம்பளம் வாங்குபவர் தாஸ்காவ் ஓடைக்கரைக்குப் பணம் கொடுத்தார். கிருஷ்ணா நதிக்கரைக் கரும்புக்காரரும் கொடுத்தார். தம் தொகுதியிலுள்ள வசதிபடைத்தவர்களிடம் போய், உங்கள் நிலத்திற்கும் வரி உண்டு என்று சொல்லும் அங்கத்தினரைக் காண்பது எளிதன்று. தீர்வை வஜா வாங்கித் தருவதாகச் சொல்லுவதே கைதட்டல் பெறும் வழி.

நிலமுடையோர் இத்தகைய திட்டங்களைப்பற்றி எங்கும் சொல்லும் குறை ஒன்றுண்டு: சர்க்கார் வேலை கொடுத்தால் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் ஆள் கிடைப்பதில்லை, கூலி ஏறிவிடுகிறது என்பது. இதை வெறும் பேராசை என்று தள்ளிவிடுவது சரியன்று. மானாவாரிச் சாகுபடியில் களையெடுப்பை ஒரு வாரம் தள்ளினாலும் விளைவு குறையும். ஆனால் மஹாராஷ்டிரத்தில் வேலைக்கு வந்தவர் தொகை, வயலில் வேலை மும்முரமாயிருக்கும் மாதங்களில் தாழ்ந்தும், சித்திரை வைகாசி மாதங்களில் உயர்ந்துமே காணப்பட்டது. ஊரிலேயே வேலை கிடைப்பவன் வெகுதூரம் குடிபெயர்ந்து போகமாட்டான். ஆனி மழையில் விதைப்புக்குக் கூப்பிட்டால் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பான். பஞ்சத்தில் ஊரை விட்டுப் போன குடும்பம் மழை பெய்தவுடன் திரும்பி வரும் என்பது நிச்சயமில்லை; பட்டணத்தில் செங்கல் சுமக்கப் பழகிவிட்டால் வரவே வராது. கூலி சற்று ஏறிற்று என்பது உண்மையே. ஏறிய கூலியைக் கொடுக்கும் நிலமுடையவன், அதே ஆட்கள் கோடையில் கட்டிய கரையால் தன் கிணற்றில் ஊறிய தண்ணீரையும் கணக்கில் சேர்த்துப் பார்க்கவேண்டும். இந்த இரண்டாவது கணக்கைப் போடாமல் முதற்கணக்கை மாத்திரம் சொல்லுவது ஒற்றைத் தட்டில் நிறுப்பதாகும்.

அந்தக் கரையைப் பற்றிச் சற்று விரிவாய்ச் சொல்லவேண்டும். ஏனெனில் பல கிராமங்களில் நல்ல வேலையைப் பழுதென்று நினைத்துக் கைவிடுகிறார்கள். தக்காணப் பீடபூமியில் நிவாரண வேலையாகக் கட்டப்பட்டவற்றுள் கசிவுக்குளம் முக்கியமானது. இதற்கு மதகு கிடையாது, பாசனக்கால் கிடையாது. கரை உண்டு, கலிங்கு உண்டு, அவ்வளவே. ஐப்பசியில் நிறைந்த தண்ணீர் தை மாசிக்குள் காணாமற்போய்விடும். நம் ஏரிகளைப் பார்த்துப் பழகியவர்கள் உடனே, தண்ணீர் நிற்காத குளத்தைக் கட்டிப் பணத்தைப் பாழாக்கினார்கள் என்பர். தண்ணீர் நிற்காமலிருப்பதே அக்குளத்தின் குணம். அது மண்ணுக்குள் இறங்கிக் கீழ்ப்புறத்துக் கிணறுகளில் ஊறவேண்டும். ஆகையால் கசிவுக்குளம் நல்லதா கெட்டதா என்பதைக் குளத்தில் பார்க்கக்கூடாது; அதற்குக் கீழே உள்ள கிணறுகளில் பங்குனி மாதத்து மட்டத்தைப் பார்க்கவேண்டும்.

ஆனால் எல்லா இடத்திலும் இது பலிக்காது. அடியில் முரம்பும் சிதைந்த பாறையும் இருந்தால் நீர் இறங்கும். ஆழமான கரிசலில் குளம் வெட்டினால் களி அடைத்துக்கொண்டு, தண்ணீர் வெயிலுக்கே ஆவியாகும். கரையின் அடியில் மாத்திரம் பள்ளம் தோண்டிக் களிமண் இட்டுக் கெட்டிக்கவேண்டும். இல்லாவிடில் நீர் நிலத்துக்குள் இறங்காமல் கரைக்கடியில் புகுந்து கரையையே எடுத்துக்கொண்டு போகும். அவசரத்தில் கட்டிய கரைகள் முதல் பெருமழையில் உடைவது பெரும்பாலும் கலிங்கைச் சிறிதாக வைத்ததால்தான். கூலியாள் தலைக்கணக்கில் மண்ணைக் கொட்டிவிடலாம். கலிங்குக்குக் கல்லும் சுண்ணாம்பும் சிமெண்டும் கொத்தனும் வேண்டும். சாமான் செலவைக் குறைக்கவேண்டும் என்னும் விதியால் அதிலேதான் கை வைக்கப்படுகிறது. கூலிக்கு அதிகப் பங்கு என்பது நியாயமான விதி. அவ்விதிக்காகக் கலிங்கைக் குறைப்பது நியாயமன்று.

மேலே இருந்து கீழே வரவேண்டும் என்பது மற்றொரு முறை. குன்றின் உச்சியில் சமமட்ட வரப்பு, சரிவில் சிறு ஓடைகளுக்குக் கற்கட்டு, அதற்குக் கீழே குளம் என்னும் வரிசையில் வேலை நடந்தால் குளம் வண்டலடித்துத் தூராது. பஞ்ச வேலைகளில் இதற்கு மாறாகவே பலமுறை நடக்கிறது. மேலதிகாரியின் மோட்டார் நிற்கும் பாதைக்கு அருகில் குளம் முதலிலும், குன்றின்மேல் வரப்பு கடைசியிலும், அல்லது இல்லாமலே. சமமட்ட வரப்பும் மானாவாரிச் சாகுபடி முறையும் அப்பிரதேசத்திற்குப் புதியனவல்ல. ஷோலாப்பூரில் 1933-ல் மானாவாரி ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அக்காலத்திலேயே, அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பல்லாரி ஜில்லா ஹகரியிலும் அத்தகைய நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. வரப்பிட்டு நீரை நிறுத்துதல், விதையளவைக் குறைத்து வரிசையை அகற்றுதல், குண்டகை ஓட்டி ஈரத்தைக் காத்தல் ஆகியவை அங்கே ஆராயப்பட்டு வெளியிடப்பட்டன. 1942-ல் பம்பாய் மாகாணத்தில் நில அபிவிருத்திக்கென்று தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆகவே, எதைச் செய்வது என்பது வெகுகாலமாய்த் தெரிந்திருந்தது. அதை யார் கையால், எந்தக் கூலியில், எந்த மாதத்தில் செய்விப்பது என்பதற்குத்தான் தாஸ்காவ் வழி காட்டியது.

கிணற்றில் ஊறிய தண்ணீர் யாருடையது என்ற கேள்விக்குத் தாஸ்காவ் திட்டத்திலும் 1977-ஆம் வருஷத்துச் சட்டத்திலும் விடையில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் புகழ்ச்சியாகுமேயன்றி அபிப்பிராயமாகாது. கூலியாள் மண் சுமந்து குளம் கட்டினான். அவனுக்குக் கூலி கிடைத்தது. கணக்கு அத்தோடு முடிந்தது. குளத்தின் கீழ்க் கிணறு வைத்திருப்பவன் அடுத்த இருபது வருஷம் அந்நீரால் பயிரிட்டான். அவன் கரும்பு நட்டால், அதே கிராமத்தில் சோளத்திற்கு ஒரு தண்ணீர் இல்லாமற்போயிற்று. 1972-ஆம் வருஷத்து வறட்சியைக் கண்டு மனம் நொந்த விலாஸ்ராவ் ஸாலுங்கே என்னும் எஞ்சினீயர், சட்டசபையைச் சேர்ந்தவரல்லர், புனே ஜில்லா புரந்தர் தாலூகாவில் வேறொரு வழியைத் தொடங்கினார். பாணி பஞ்சாயத்து என்று அதற்குப் பெயர். தண்ணீரை நிலத்தின் அளவுக்கன்றித் தலைக்கணக்குக்குப் பங்கிடுவது, தலைக்கு அரை ஏக்கர், குடும்பத்திற்கு அதிகம் போனால் இரண்டரை ஏக்கர், நிலமற்றவனுக்கும் பங்கு உண்டு, கரும்பு கூடாது. ஸாங்க்லி ஜில்லாவிலேயே யேரளா ஆற்றின்மேல் 1980-களில் குடியானவர்கள் தாங்களே முயன்று கட்டிய பலிராஜா அணையிலும் நிலமற்றவர்க்குத் தண்ணீர்ப் பங்கு வைக்கப்பட்டது. நிலமுடையோர் சிலருக்கு இது அதிகப்படியாய்த் தோன்றலாம். தோன்றட்டும். எல்லைக்குட்பட்ட நீரை எல்லையில்லாத பயிருக்கு விட்ட கிராமங்களில், நிலமுடையவனின் கிணறுகூட ஏழெட்டு வருஷங்களில் அடி தட்டிவிட்டதைக் கண்ணால் காணலாம்.

2016-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் நடந்தது இதற்கோர் உதாரணம். மராட்வாடாப் பிரதேசத்து லாத்தூர் நகரத்தில் குடிக்கவும் நீரில்லாமற்போகவே, தாஸ்காவை அடுத்த மிரஜ் ரயில் நிலையத்திலிருந்து கிருஷ்ணா நதித் தண்ணீர் ரயில் தொட்டி வண்டிகளில் ஏற்றி அனுப்பப்பட்டது. முதல் ரயில் 10 வண்டிகளில் 5 லட்சம் லிட்டரைச் சுமந்து சென்றது; பிறகு 50 வண்டிகள் கொண்ட ரயில்கள் ஓடின. வேலை உத்தரவாதம் பிறந்த ராஜ்யத்தில், அச்சட்டம் அமுலாகி 37 வருஷங்களுக்குப் பிறகு இந்நிலை. லாத்தூர்ப் பக்கத்தில் கரும்பும் கரும்பாலைகளும் பெருகியிருந்தன என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும். இதைக் கொண்டு பாகேயின் முயற்சி வீணென்று சொல்லுவோர் உண்டு. கூலி உத்தரவாதம் பட்டினியைத் தடுக்கவே ஏற்பட்டது, அதைத் தடுத்தது. நீரைப் பங்கிடுவது அடுத்த படி. அப்படியில் கால் வைக்க அதே ராஜ்யத்துச் சட்டசபை அங்கத்தினர் பலரும் தயங்கினர். கரும்புக்காரரின் வாக்கும் கூலியாளின் வாக்கும் ஒரே பெட்டியில் விழுந்தாலும், அங்கத்தினர் வீட்டுத் திண்ணையில் உட்காருபவர் பெரும்பாலும் முன்னவரே.

ஆகையால் மழை தவறிய வருஷத்தில் ஊருக்கு வரும் அங்கத்தினரிடம் குடியானவர்கள் வஜாவை மாத்திரம் கேட்டு அனுப்பிவிடுவது தங்களுக்குத் தாங்களே செய்துகொள்ளும் நஷ்டம். அவரைச் சாவடியில் உட்காரவைத்து, கிராமத்து வேலைப் பட்டியலைப் படிக்கச் சொல்லலாம். எந்த ஓடை, எந்தச் சர்வே நம்பர், எத்தனை கனஅடி மண், எத்தனை ஆள், எத்தனை நாள் என்பன அதில் இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லையென்றால் மராமத்து இலாகாவினின்றும் மட்டம் பார்க்கும் ஓவர்ஸியரை ஒரு மாதத்திற்கு அனுப்புவிக்கும்படி கேட்பது, ஆயிரம் ரூபாய் நன்கொடையைக் கேட்பதைவிடப் பயன் தரும். அங்கத்தினரால் எளிதில் செய்யக்கூடியதும் அதுவே. வருகைப் பதிவேட்டையும் அவர் கேட்டு வாங்கிப் பார்க்கவேண்டும். இல்லாத ஆளின் பெயருக்குக் கூலி எழுதப்படுவது இத்திட்டங்கள் எங்கும் கண்ட வியாதி. அளவு எடுப்பதில் தாமதம் செய்து, உழைத்தவனுக்கு மூன்று வாரம் கூலி கொடாமல் வைத்திருப்பது அதனினும் கொடியது. மூன்று வாரம் கடன் வாங்கிச் சாப்பிட்டவனுடைய கூலி, கைக்கு வருமுன்பே கடைக்காரனுடையதாகிவிடுகிறது.

கிராம அதிகாரிகள் பங்குனி மாதத்தில் செய்யக்கூடியவை சில உண்டு. கசிவுக்குளமோ ஊருணியோ ஏரியோ உள்ள ஊரில், கீழ்ப்புறத்துக் கிணறுகள் பத்தின் நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து, தேதியோடு எழுதி வைக்கலாம். இரண்டு வருஷத்துக் கணக்கு கையில் இருந்தால், அடுத்த கரையை எங்கே போடுவது என்பதில் எஞ்சினீயரோடு வாதாட ஆதாரம் கிடைக்கும். வண்டல் எடுப்பதற்கு ஆள் விடும்பொழுது, வெட்டிய வண்டலைக் கரைக்கு உட்புறத்திலேயே குவித்து வைக்க விடக்கூடாது. முதல் மழையில் அது மறுபடி குளத்திற்கே வந்துவிடும். வண்டி வைத்திருக்கும் நிலமுடையோர் உரிய அனுமதி பெற்று அதைத் தங்கள் மேட்டு நிலத்துக்கு அடித்துக்கொண்டால், குளம் ஆழமாகும், நிலமும் உரமாகும். வண்டியில்லாத சிறு குடியானவர்களின் நிலத்துக்கும் ஒரு பங்கு வண்டலைக் கொண்டுபோய்ச் சேர்க்க, கூலிவேலையிலேயே இடம் வைத்துப் பட்டியலில் எழுதவேண்டும். எழுதாவிட்டால், வைகாசி முடிவதற்குள் வண்டி உள்ளவர்களே முழுவதையும் அடித்து முடித்திருப்பார்கள்.